போரில் இழந்த பிள்ளைப் பருவம்

கொல்கத்தாவின் தென்பகுதியாகிய ஜாதவ்பூரில் பிஜய்கட் என்றொரு குடியிருப்பு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைமுகாமாக இருந்த நிலத்தில், பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் தாமே அமைத்துக்கொண்ட ஊர் அது. அதன் சந்துகளில் மாலைதோறும் சிறுவர்கள் மூங்கிற் கழியைத் துப்பாக்கியாக ஏந்திச் சண்டையிட்டு விளையாடுவதைக் காண்கின்றோம். குண்டடி பட்டு விழுந்தவன் மறுகணமே எழுந்து, தான் சாகவில்லையென்று வாதாடுவான். அவ்வாறு எழுந்து வாதாட இயலாத சிறாரைப் பற்றியே நேயர்களுடன் இன்று பேசக் கருதினோம்.

சந்தோஷ் சிவன் இயக்கி, தாமே ஒளிப்பதிவும் செய்த தமிழ்ப் படம் 'தி டெரரிஸ்ட்'. 1997ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வு பெற்றது. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த படுகொலையின் நிழல் அதன்மேல் விழுந்திருப்பினும், நாட்டின் பெயரையோ இயக்கத்தின் பெயரையோ படம் கூறுவதில்லை. ஆயிஷா தார்க்கர் நடித்த மல்லி என்னும் பத்தொன்பது வயதுப் பெண், போராளி முகாமிலேயே வளர்ந்தவள். தன்னையே வெடிகுண்டாக்கி ஒரு தலைவரைக் கொல்லும் பணிக்குத் தெரிந்தெடுக்கப்படுகிறாள்.

எனினும், நம் நெஞ்சில் தைப்பவன் அவளுக்குக் காட்டுவழி காட்டும் சிறுவனே. கண்ணிவெடி எங்கெங்கே புதைந்துள்ளதென்று அவனுக்கு மனப்பாடம். நம் பிள்ளைகள் வாய்பாடு ஒப்பிக்கும் வயதில் அவன் கற்ற பாடம் இது. முன்னர் அவன் அழைத்துச் சென்றவர்களுள் ஒருவரேனும் இன்று உயிருடன் இல்லை. இத்துணை அறிந்தவன், தொலைவில் ஒரு வண்டி வெடித்ததும் குருதியை நினைந்து தேம்பி அழுகிறான். வழி காட்டுகையில் முதியவனாகத் தோன்றியவன், அழும்போதுதான் தன் வயதிற்குத் திரும்புகிறான். இயக்குநர் இவ்விடத்தில் அறிவுரை எதுவும் புகட்டாமல் முகத்தை மட்டும் காட்டியது நன்று.

1962இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பரிசைப் பகிர்ந்துகொண்ட, தார்க்கோவ்ஸ்கியின் 'இவானின் குழந்தைப்பருவம்' என்னும் ருஷியப் படத்திலும் பன்னிரண்டு வயது ஒற்றன் ஒருவன் வருகிறான். விழித்திருக்கும்போது வன்மமே உருவானவன், கனவில் மட்டும் தாயின் அருகே குழந்தையாக இருக்கிறான்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு. இத்தகையோரைத் தமிழில் எவ்வாறு அழைப்பது? 'சிறுவர் படைவீரர்' என்றால் வீரம் என்ற புகழ்ச்சொல் தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆகவே 'படையிற் சேர்க்கப்பட்ட சிறார்' என்று நீட்டியே எழுதி வருகிறோம். சேர்த்தவர் ஒருவர் உண்டென்பதை அத்தொடர் மறைப்பதில்லை. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயை நேயர்கள் அறிவர். முன்னாளில் தமையனையும் அடுத்த நாள் கணவனையும் இழந்தபின், ஒரே மகனின் தலைமயிருக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்துப் போருக்கு விடுத்தவள் அவள். பள்ளியில் அதனை மறப்பாடலென்று பெருமிதத்துடன் படித்தோம். இப்படத்தைக் கண்டபின், எண்ணெய் தடவிய அந்தக் கையே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

சட்டம் மெல்லவே நடந்தது. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, பதினைந்து வயதுக்கு உட்பட்டோரைப் படையிற் சேர்த்தலாகாது என்றது. 2000இல் ஏற்கப்பட்டு 2002இல் நடைமுறைக்கு வந்த இணைப்பு ஒப்பந்தம், ஆயுதக் குழுக்களுக்கு அவ்வயதைப் பதினெட்டாக்கியது. 2012இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் தன் முதல் தீர்ப்பிலேயே, காங்கோ நாட்டின் தாமஸ் லுபாங்காவை இக்குற்றத்திற்காகத் தண்டித்தது.

ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் திரைப்படவியல் தனித்துறையாக இயங்குவதாலோ என்னவோ, இவ்வூரில் படம் பார்ப்பதை விடப் படத்தைப் பற்றிப் பேசுவோர் மிகுதி. வங்க அன்பர்களுடன் அமர்ந்து இதனைக் காணும் நேயர்கள், இறுதிக் காட்சியில் மல்லியின் விரல் பொத்தானை நெருங்கும் நேரத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல முற்பட வேண்டா. அவ்விடத்தில் மொழிபெயர்க்க ஒரு சொல்லும் இராது.