வேடந்தாங்கலின் எல்லை எது?



செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியைக் கேள்வியுறாதார் உங்களுள் அரியர். ஆயினும், அங்குள்ள பறவைகளைக் காப்பது எங்ஙனம் என்று வினவினால், ஏரியைச் சுற்றி வேலியிட்டு வேட்டையைத் தடுத்தால் போதும் என்றே பலரும் விடை பகர்கின்றனர். அது போதாது என்பதை விளக்குவதே என் பேச்சின் நோக்கம்.

அவ்வேரியின் பரப்பு ஏறத்தாழ 73 ஏக்கரே. அதனுள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், கூழைக்கடா முதலிய பறவைகள் கூடு கட்டுகின்றன. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும், மரங்களைச் சூழ்ந்த நீர் கோட்டையின் அகழி போல் அமைகிறது. நரியும் காட்டுப்பூனையும் கூடுகளை எளிதில் அணுக இயலாது.

ஆனால், கூடு கட்டும் இடம் வேறு. இரை தேடும் இடம் வேறு. ஆயிரக்கணக்கான பறவைகளுக்கும் குஞ்சுகளுக்கும் இச்சிற்றேரி ஒன்றே உணவளிக்க முடியுமா? நத்தைகுத்தி நாரை நெல்வயல்களில் நத்தை தேடுகிறது. கூழைக்கடா அயலூர் ஏரிகளுக்கு மீன் பிடிக்கப் பறக்கிறது. ஏரி பறவைகளின் வீடு என்றால், சுற்றியுள்ள வயலும் நீர்நிலையும் அவ்வீட்டின் களஞ்சியம். களஞ்சியத்தை இழந்த வீட்டில் எவர் வாழ்வார்?

இவ்வுறவை அவ்வூர் உழவர்கள் பண்டே அறிந்திருந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாயிற்று, விளைவு பெருகியது. ஆதலால், பறவைகளைச் சுட்டவர்களைப் பற்றி அவர்கள் முறையிட்டு, 1798-ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் பாதுகாப்பு ஆணை பெற்றனர்.

இன்றைய இடர் துப்பாக்கியால் வருவதன்று. வயல்கள் மனைகளாகின்றன, ஆலைகள் பெருகுகின்றன. வரத்துக்கால் அடைபட்டால் ஏரி நிரம்பாது. கழிவு கலந்தால் மீனும் நத்தையும் மடியும். இதனாலேயே, 1998-ஆம் ஆண்டு அறிவிக்கையில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தொலைவு வரை சரணாலயமாயிற்று. 2020-இல் அதனை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு முன்மொழிவு எழுந்தபோது, இயற்கை ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2022-இல் இவ்வேரி ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

'மக்களுக்குத் தொழில் வேண்டாமா?' என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வியே. தொழில் வேண்டும், வீடும் வேண்டும். ஆனால், நீரை நஞ்சாக்கும் தொழிலைப் பிறிதோரிடத்தில் நிறுவலாம். நீர்க்கடம்பும் நெல்வயலும் அருகருகே அமைந்த ஏரியை நாம் நினைத்த இடத்தில் நிறுவ முடியாது. அன்றியும், கழிவு கலந்த நீரைப் பருகுவது பறவை மட்டுமன்று, அவ்வூர்க் குழந்தையும்தான்.

நீங்கள் வேடந்தாங்கல் செல்லும்போது, மரத்திலுள்ள பறவைகளைக் கண்டு களிப்பதோடு நில்லாதீர்கள். காலையில் அவை எத்திசை நோக்கிப் பறக்கின்றன என்பதையும் கவனியுங்கள். அவை சென்று மீளும் தொலைவே அவ்வேரியின் உண்மையான எல்லை.