தார்ச்சாலைச் சரிதம் – 11: பனிநாட்டு வாசலும் பீர்க்கன்கரணைத் தெருவும்

சென்ற இதழில் பல்லாவரத்துக் குன்றுகளை உடைத்து ஜல்லியாக்கிய வரலாற்றைப் பார்த்தோம்; கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதியில் பதித்திருக்கும் கல்லும் இந்தக் குன்றுகளின் கல்லும் ஒரே ஜாதி என்று கண்ட தாமஸ் ஹாலண்ட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி, அதற்குச் சார்னோகைட் என்று நாமகரணம் செய்த விவரமும் அதில் வந்தது. அந்த ஜல்லியோடு தாரைக் கலந்து விரித்த தளம் எதனால் நிலைக்கிறது, எதனால் குலைகிறது என்பது இந்த வாரத்து விஷயம். இதை விசாரிப்பதற்கு, உஷ்ணமானி 18 டிகிரியைத் தொட்டாலே பத்திரிகைச் செய்தியாகிவிடும் நம்முடைய ஊரைக் காட்டிலும், குளிர்காலம் முழுவதும் தண்ணீர் உறைவதும் உருகுவதுமாக இருக்கும் ஒரு தேசமே தகுந்த பரீட்சைக் களம் என்பதால், வாசகர்களைக் கனடாவிலுள்ள டொராண்டோ நகரத்தின் புறநகர்களுக்கு அழைத்துப் போக உத்தேசித்திருக்கிறேன்.

1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து திரளாகப் போய்க் குடியேறிய நம்மவர்கள் ஸ்கார்பரோவிலும், கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பின்னர் மார்க்கம், அஜாக்ஸ் முதலிய ஊர்களிலும் வீடு வாங்கினார்கள். அண்மைக் காலத்தில் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கத்துப் பிள்ளைகளும் உத்தியோகத்தின் பொருட்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கெல்லாம் தெருவிலிருந்து கார் கொட்டகை வரையில் தார் போட்ட ஒரு தளம் உண்டு. டிரைவ்வே என்று சொல்லப்படும் அந்தத் தளத்தைப் போடுவதும், பழுது பார்ப்பதும், அதன்மேல் விழுந்த பனியை விடியுமுன் மண்வாரியால் தள்ளி வழியுண்டாக்குவதும் வீட்டுக்காரருடைய பொறுப்பு. நம் ஊரில் தார் என்றால் அது சர்க்கார் காரியம், காண்டிராக்டர் காரியம் என்று ஒதுங்கி நிற்கிறோம். அங்கேயோ தன் பணத்தைக் கொடுத்துத் தன் வாசலில் தார் போட்டுக்கொள்ளுகிற ஒவ்வொரு குடும்பஸ்தரும், சகாயமான விலைக்கு மயங்கினால் இரண்டு குளிர்காலத்துக்குள் தளம் பாளம் பாளமாக வெடித்துவிடும் என்பதை அறிந்து, சாலை சாஸ்திரத்தில் ஓரளவு தேர்ச்சி பெற்றே தீரவேண்டியிருக்கிறது.

குளிர் தாரை உடைக்கிறது என்று பொதுவாகச் சொல்லுவார்கள். அது பாதி உண்மைதான். குளிரில் தார் சுருங்கும், நெகிழ்ச்சி குன்றி விறைத்துப் போகும், விறைத்த இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புக் காணும். ஆனால் அந்த வெடிப்பு தானாக எதையும் கெடுப்பதில்லை. அதற்குள் நீர் இறங்கிய பிறகே அனர்த்தம் தொடங்குகிறது. நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் நண்பகல் வெயிலில் ஓரத்துப் பனி உருகி, அந்த நீர் வெடிப்புக்குள் இறங்குகிறது. அன்றிரவே உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. உள்ளே நின்ற நீர் உறைந்து இருபக்கத்துக் கரைகளையும் நெம்பித் தள்ளுகிறது. மறுநாள் உருகி, முன்னிலும் அகலமான வழியில் முன்னிலும் ஆழமாக இறங்குகிறது. இப்படியே பனிக்காலம் முடிவதற்குள் பலமுறை நெம்பப்பட்ட வெடிப்பு, வசந்தம் வந்ததும் குழியாகக் காட்சி தருகிறது.

இதனினும் பெரிய விபரீதம் கண்ணுக்குத் தெரியாமல் தளத்தின் அடியில் நடப்பது. குளிர்காலத்தில் தரை சில இடங்களில் உப்பி எழும்புவதற்கு, மண்ணில் இருந்த நீர் உறைந்து பெருகுவதுதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். தென் கரோலினா சர்வகலாசாலையில் இருந்த ஸ்டீபன் டேபர் என்பவர் 1929, 1930ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் இந்த அபிப்பிராயத்தைப் புரட்டிப் போட்டார். உறையும்போது பெருகாமல் சுருங்கும் சுபாவமுள்ள பென்சீன் திரவத்தை மண்ணில் ஊற்றி உறைய வைத்தபோதும் மண் மேலே எழும்பியது. ஆகவே பெருக்கம் முக்கிய காரணம் அன்று என்பது நிரூபணமாயிற்று. உறையும் எல்லையை நோக்கிக் கீழேயிருந்து ஈரம் ஓயாமல் உறிஞ்சப்பட்டு, அங்கே படலம் படலமாகப் பனிக்கட்டி வளர்ந்து, மேலேயுள்ள மண்ணையும் தாரையும் சேர்த்துத் தூக்குகிறது என்று அவர் காட்டினார். எல்லா மண்ணும் இப்படி உறிஞ்சுவதில்லை. கரடுமுரடான மணலும் ஜல்லியும் நீரை வழியவிட்டுவிடும். வண்டலும் நுண்மண்ணுமே அதை மேலே இழுக்கும். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் 3 சதவீதத்தைத் தாண்டினாலே அந்த மண்ணைச் சந்தேகிக்க வேண்டும் என்று, டேபருக்குச் சற்றே பின்னால் ஆர்தர் காசகிராண்டே நிர்ணயித்த அளவுகோல் இன்றும் பொறியாளர்களின் கையில் இருக்கிறது.

வசந்தத்தில் இந்தப் பனிப் படலங்கள் மேலிருந்து கீழாக உருகும். மேல்மண் உருகிவிட, அதன் கீழ்மண் இன்னும் இறுகிக் கிடக்கும். நடுவில் அகப்பட்ட நீர் கீழே இறங்க வழியில்லாமல் மண்ணைச் சேறாக்கிவிடும். அந்தச் சமயத்தில் ஒரு பாரவண்டி ஏறினால், தார் எவ்வளவு நல்ல தாராக இருந்தாலும் அது அமிழ்ந்து உடையும். இந்தக் காரணத்தால்தான் டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் வருஷந்தோறும் வசந்தத்தின் தொடக்கத்தில், பல சாலைகளில் லாரிகள் ஏற்றும் பாரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கிறார்கள்.

இனி நல்ல தளம் போடும் முறையைக் கவனிப்போம். டொராண்டோவில் உறைநிலை பூமிக்குள் நான்கு அடி வரையில் இறங்குமாதலால், கட்டடத்தின் அஸ்திவாரத்தையும் தண்ணீர்க் குழாயையும் அந்த ஆழத்துக்குக் கீழே கொண்டுபோகிறார்கள். வாசல் தளத்துக்காக நான்கு அடி தோண்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகையால் குளிரைத் தடுக்க முயலாமல், குளிர் பிடித்துக்கொள்ளுவதற்கு அங்கே நீர் இல்லாமற் செய்கிறார்கள். மேலேயுள்ள வளமண்ணையும் களிமண்ணையும் பத்து அங்குலம் வரையில் வெட்டி எடுத்துவிட்டு, நுண்தூசி அளவோடு கலந்த உடைகல்லை ஆறு முதல் எட்டு அங்குலம் வரும்படி, ஒரே மூச்சில் கொட்டிவிடாமல் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் ஈரம் தெளித்து ரோலரால் இறுக்குகிறார்கள். வீட்டுச் சுவரிலிருந்து விலகி, ஐம்பது அடிக்கு ஓர் அடி என்ற வீதத்தில் வாட்டம் கொடுக்கிறார்கள். இவ்வளவும் ஆன பிற்பாடுதான் இரண்டரை முதல் மூன்று அங்குலத் தார்க்கலவை வருகிறது. தார் செய்வது கூரையின் வேலை. பாரத்தைச் சுமப்பது அதன் கீழே இறுக்கிய ஜல்லி.

தாரிலும் தராதரம் உண்டு. 1987இல் அமெரிக்காவில் சர்க்கார் பணத்தில் தொடங்கிய ஒரு பெரிய சாலை ஆராய்ச்சித் திட்டம், தாரை இரண்டு எண்களால் தரம் பிரிக்கும் முறையை உண்டாக்கிற்று. தென் ஒண்டாரியோவில் வழங்கும் 58–28 என்ற தரத்துக்கு, சாலையின் உஷ்ணம் 58 டிகிரிக்கு ஏறினாலும் தார் இளகி வழியாது, பூஜ்யத்துக்குக் கீழே 28 டிகிரிக்கு இறங்கினாலும் விறைத்து வெடிக்காது என்று அர்த்தம். நம் நாட்டில் பிசுபிசுப்பை வைத்துப் பிரிக்கிறோம். குளிர்ப் பிரதேசங்களுக்கு இளகிய வி.ஜி. 10, சமவெளிச் சாலைகளுக்கு வி.ஜி. 30, கடும் வெயிலும் பாரவண்டிகளும் சேர்ந்த இடங்களுக்குக் கெட்டியான வி.ஜி. 40 என்பது பொதுவான சம்பிரதாயம்.

தாரை விரிக்கும் தருணந்தான் வேலையின் உயிர்நாடி. ஏறக்குறைய 150 டிகிரியில் ஆலையை விட்டுப் புறப்பட்ட கலவை, தார்ப்பாய் போர்த்த லாரியில் வந்து இறங்கி, ஜல்லியின்மேல் விரிந்த கணத்திலிருந்து ஆறத் தொடங்குகிறது. காற்றும் குளிரும் உள்ள நாளில், மூன்று அங்குலத்துக்கும் மெல்லிய படலம் சில நிமிஷங்களிலேயே விறைப்பேறிவிடும். சுமார் 80 டிகிரிக்குக் கீழே போன கலவையின்மேல் ரோலர் எத்தனை தடவை உருண்டாலும் பிரயோஜனமில்லை. மேலே பளபளப்பு வருமே தவிர, உள்ளே காற்றறைகள் மூடாமல் நின்றுவிடும், அந்த அறைகளில் முதல் மழையிலேயே நீர் குடியேறிவிடும். ஆகையால் மே முதல் அக்டோபர் வரையில் வேலையை முடித்துக்கொள்ளுவதே விவேகம். நவம்பரில் சகாய விலை பேசிக்கொண்டு கதவைத் தட்டுகிறவரிடம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. லடாக்கில் எல்லைச் சாலை நிறுவனத்தாரும் இந்த நியதிக்கு உட்பட்டே, குறுகிய கோடையின் சில மாதங்களுக்குள் தார் வேலையை அடக்கிக்கொள்ளுகிறார்கள். தளத்தின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சாய்வாகத் தட்டி இறுக்குவதும், அடுத்த குளிர்காலத்துக்கு முன் வெடிப்புகளை அடைத்துவிடுவதும், புதுத் தார் நன்றாகக் கெட்டியாகுமுன் மேற்பூச்சு பூசாமல் காத்திருப்பதும் டொராண்டோவில் வழக்கம்.

இனி தாம்பரத்தை அடுத்த நம் பீர்க்கன்கரணைக்குத் திரும்புவோம். இங்கே உறைபனியும் இல்லை, பனிப் படலமும் இல்லை. பின் நம் தெருக்கள் ஏன் இரண்டு ஐப்பசியைத் தாங்குவதில்லை? குளிரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுகிற சத்துரு அதே நீர்தான். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய பீர்க்கன்கரணை ஏரியையும், அண்டையிலுள்ள இரும்புலியூர், பெருங்களத்தூர், முடிச்சூர் ஏரிகளையும் நம்பி வாழ்ந்த ஊர்கள் இவை. நெல் விளைந்த மண்ணின்மேல் மனை பிரித்து, அந்த மண்ணை அகற்றாமலே தெரு போட்டோம். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலை வரையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தெருவைக் குலைக்க அத்தனை பெரிய மழையே வேண்டியதில்லை. சாதாரண வடகிழக்குப் பருவத்தில் ஒரு வாரம் தேங்கிய நீரே போதும். தேங்கிய நீர் தாருக்கும் ஜல்லிக்கும் இடையில் புகுந்து, சிலிக்கா மிகுந்த கல்லிலிருந்து தாரை உரித்துவிடுகிறது. பஸ்ஸின் சக்கரம் அந்த நீரை அழுத்தி உள்ளே செலுத்தி, மறுகணம் உறிஞ்சி வெளியே இழுக்கிறது. முதலில் சிப்ஸ் என்னும் பொடிக்கல் உதிரும், பிறகு முக்கால் அங்குல ஜல்லி பெயரும், கடைசியில் ஒன்றரை அங்குல ஜல்லி வெளியே தலைகாட்டும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், குப்பைப் பிளாஸ்டிக்கைத் துருவிச் சூடான ஜல்லியின்மேல் தூவி, அது உருகிக் கல்லுக்கு ஒரு கவசமாகப் படிந்த பின் தாரைச் சேர்க்கும் முறையைக் கண்டது இந்த உரிதலைத் தடுப்பதற்கும் உதவுகிறது. 2002இலேயே நுங்கம்பாக்கத்து ஜம்புலிங்கம் தெருவில் அந்த முறையில் தளம் போட்டார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் வாட்டமும் வடிகாலும் இல்லாத தெருவுக்கு எந்தக் கவசமும் நிரந்தர ரட்சை ஆகாது.

நம்முடைய பழக்கமோ வேறு. பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஒன்றரை அங்குலம் புதுத் தளம். சில வருஷம் கழித்து அதன்மேல் இன்னொன்று. இருபது வருஷத்துக்கு முன் தெருவுக்கு இரண்டு படி உயரத்தில் கட்டிய வாசல், இன்று தெருவுக்கு ஒரு படி தாழ்ந்து கிடக்கிறது. கேட்டின் அடிப்பாகம் தாரில் புதைந்து திறக்க மறுக்கிறது. மழை நீர் தெருவிலிருந்து ஓடாமல் கூடத்துக்குள் வருகிறது. வீட்டுக்காரரும் சும்மா இருப்பதில்லை. காரை ஏற்றுவதற்காக வடிகாலின்மேல் ஒரு சாய்தளத்தைக் கட்டி, எஞ்சியிருந்த நீர்வழியையும் அடைத்துவிடுகிறார். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிது போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதியே உத்தரவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் பீர்க்கன்கரணை பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. உத்தரவும் இருக்கிறது, மாநகராட்சியும் இருக்கிறது. தெருவில் நின்று கேட்கிறவர்தான் வேண்டும்.

டொராண்டோ வீட்டுக்காரர் தம் வாசலுக்குக் காட்டும் சிரத்தையில் நாலில் ஒரு பங்கை நம் தெருவுக்கு நாம் காட்டலாம். மழை ஓய்ந்து தை பிறந்தவுடன் தார் லாரி உங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். அப்போது புதுத் தாரின் கறுப்பைக் கண்டு திருப்தியடைந்துவிடாமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பழைய தளத்தைச் சுரண்டியாயிற்றா, அடியில் ஜல்லியை இறுக்கியாயிற்றா, விழுகிற மழை எந்தப் பக்கம் ஓடும்? கூடவே உங்கள் வாசலின் சாய்தளம் வடிகாலை அடைத்திருந்தால், முதலில் அதை எடுத்துவிடுங்கள்.