வானம் யார் வசம்? – 9: மொபெட் சத்தம்

சென்ற வாரம் கெர்சோனில், அந்தோனிவ்கா பாலத்தின் மேல் நிறுத்தியிருந்தோம்.

2022 ஜூலையில் உக்ரைனின் ஹைமார்ஸ் ராக்கெட்டுகள், ரஷ்யப் படைக்குச் சரக்கு போய்க்கொண்டிருந்த அந்தப் பாலத்தை அடிக்க ஆரம்பித்தன. ஒரு ராக்கெட்டின் வெடிமுனை சுமார் 90 கிலோ. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கான்கிரீட் பாலம் அதற்கெல்லாம் இடியாது. இடியவும் இல்லை, ஓட்டை விழுந்தது. அடைத்தார்கள், மறுபடி ஓட்டை. லாரி போக முடியாத பாலம் இருந்தென்ன? ஒரு படையே தின்கிற சோற்றையும் சுடுகிற குண்டையும் எத்தனை நாள் படகில் ஏற்றுவது? நவம்பரில் ரஷ்யப் படை நீப்பர் நதியின் மேற்குக் கரையைக் காலி செய்தது.

ஆனால் அந்த ராக்கெட்டின் கை எழுபது, எண்பது கிலோமீட்டர்தான் எட்டும். அது புரிந்ததும் ரஷ்யா வெடிமருந்துக் கிடங்குகளைத் தள்ளி வைத்தது. ஜிபிஎஸ் சிக்னலையும் குழப்பியது. ராக்கெட்டுகள் குறி தவற ஆரம்பித்தன.

ரஷ்யா திருப்பி அடிக்க எடுத்த ஆயுதம் வேறு ரகம். கீவ் நகரத்து நள்ளிரவில் பழைய மொபெட்டை யாரோ வானத்தில் முறுக்கிக்கொண்டு போவது மாதிரி சத்தம் கேட்கும். ஜன்னலை விட்டு விலகி, வெளியிலிருந்து இரண்டு சுவர் தள்ளிப் போய்ப் படுக்க வேண்டும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஷாஹெத்-136 என்ற அந்த இரானிய ட்ரோன், 2022 செப்டம்பரில் உக்ரைன் வானத்துக்கு வந்தது. ரஷ்யா அதற்கு கெரான்-2 என்று பெயர் வைத்தது, பிறகு யெலபுகா தொழிற்சாலையில் தானே அதைச் செய்யவும் ஆரம்பித்தது. வெடிமருந்து சுமார் 50 கிலோ. வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர் சொச்சம். ஏவுகணைக்குப் பக்கத்தில் வைத்தால் நத்தை. ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போகிற நத்தை.

விலை 20,000 முதல் 50,000 டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதை வீழ்த்தப் புதுரக பேட்ரியாட் ஏவுகணை ஒன்றை விட்டால் செலவு சுமார் 40 லட்சம் டாலர். கொசுவை அடிக்க வீட்டுப் பத்திரத்தைச் சுருட்டி எடுத்த கதை.

பணம்கூடப் பெரிதில்லை. ட்ரோன் ஒரு மின்நிலையத்தில் விழுந்தால் நஷ்டம் அதைவிட அதிகம். நிஜமான சிக்கல் எண்ணிக்கை. அந்த ரக பேட்ரியாட் ஏவுகணை ஆண்டுக்குச் சில நூறுதான் தயாராகிறது. செங்குத்தாகப் பாய்ந்து வரும் ரஷ்யாவின் இஸ்கந்தர் போன்ற ஏவுகணையை மறிக்க உக்ரைன் பெரிதும் நம்பியிருப்பது அதைத்தான். ட்ரோனுக்கு அதைச் செலவழித்தால், பின்னால் வரும் இஸ்கந்தருக்குக் கதவு திறந்து கிடக்கும்.

ஆகவே பழைய பீரங்கிக்கு மறுபடி மவுசு வந்தது. கெபார்ட் 1970-களின் தயாரிப்பு, ஜெர்மன் ராணுவம் ஓய்வு கொடுத்த வண்டி. சொந்த ரேடார், இரட்டை 35 மில்லிமீட்டர் குழல். ஷாஹெத்தின் வேகத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் குண்டு? அது ஸ்விட்சர்லாந்துத் தயாரிப்பு. நடுநிலை நாடு என்பதால் உக்ரைனுக்குக் கொடுக்க அனுமதி மறுத்தார்கள். ஜெர்மனியின் ரைன்மெட்டால் நிறுவனம் புதிதாக உற்பத்தி வரிசை அமைத்து, 2023-ல்தான் புதுக் குண்டு வந்து சேர்ந்தது. அதற்கும் கீழே இன்னொரு அடுக்கு: பிக்கப் வண்டி, அதன் மேல் இயந்திரத் துப்பாக்கி, ஒரு தேடுவிளக்கு.

ரஷ்யா சும்மா இருக்குமா? ப்ளைவுட்டிலும் ஃபோமிலும் 'கெர்பெரா' என்றொரு மலிவு ட்ரோனைச் செய்து ஷாஹெத் கூட்டத்தில் கலந்து விட்டது. பெரும்பாலானவற்றில் வெடிமருந்தே கிடையாது. சும்மா பறந்து, சுட வைத்துச் செலவு வைப்பதுதான் வேலை. 2025 செப்டம்பரில் ஒரே இரவில் 800-க்கும் மேற்பட்ட ட்ரோன்கள், போலிகளும் சேர்த்து, வந்ததாக உக்ரைன் விமானப்படை சொன்னது.

ரேடார் திரையில் எல்லாம் புள்ளிதான். அதில் எதற்கு ஏவுகணை, எதற்குத் துப்பாக்கி, எதைப் போகட்டும் என்று விடுவது? திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு யோசிக்கச் சில நிமிடங்கள் கிடைத்தால் அதிகம்.

ட்ரோனை ட்ரோனாலேயே அடித்தால் என்ன? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)