ஒருவர் அனுப்பினால் ஊருக்கே போகும்! சமூக வலைத்தளம் வளர்வது எப்படி?

டீக்கடையில் ஒருவர் சொல்லும் சேதி மறுநாள் ஊர் முழுக்க தெரிந்து விடும். செல்போனில் அதுக்கு ஒரு நாள் கூட வேண்டாம். பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி?

அழைத்தால்தான் அனுமதி

2004-ம் ஆண்டு ஜனவரியில் கூகுள் நிறுவனம் 'ஆர்குட்' தளத்தை தொடங்கியது. ஆரம்பத்தில் யாரும் நேராக போய் சேர முடியாது. உள்ளே இருப்பவர் கூப்பிட வேண்டும். அடுத்த மாதமே அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர் மார்க் ஜூக்கர்பெர்க் பேஸ்புக்கை தொடங்கினார். முதலில் அந்த பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும்தான். பிறகு மற்ற கல்லூரிகள். 2006 செப்டம்பரில்தான் 13 வயது நிரம்பிய எல்லோருக்கும் கதவு திறந்தது. 2012-ல் 100 கோடி பேரை தொட்டது.

காரணம் எளிது. "மச்சான் அதுல இருக்கான், நானும் வர்றேன்" என்றுதான் பெரும்பாலும் சேருகிறார்கள்.

சங்கிலி கணக்கு

10 பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேச 45 ஜோடி. 100 பேர் ஆனால் 4,950 ஜோடி! கூட்டம் கூட கூட தொடர்பு பல மடங்கு எகிறும்.

இது தலைகீழாகவும் நடக்கும். நண்பர்கள் பேஸ்புக் பக்கம் போனதும் மற்றவர்களும் கிளம்பினார்கள். ஆர்குட் வெறிச்சோடியது. 2014 செப்டம்பர் 30-ந் தேதி மூடப்பட்டது.

உயிர் காத்தது, பறித்தது

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் படகு எங்கே வேண்டும், சாப்பாடு எங்கே வேண்டும் என்று சொன்னது இதே சங்கிலிதான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்களை திரட்டியதும் இதுதான்.

ஆனால் 2018 மே மாதம் நடந்தது வேறு. 'பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கு' என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வ கோவிலுக்கு காரில் வந்த குடும்பத்தை ஊரார் சந்தேகப்பட்டு தாக்கினர். ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார்.

நாட்டின் பல இடங்களில் இப்படி உயிர்கள் போனதால், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டு வந்தது. ஒரே நேரத்தில் 5 இடத்துக்கு மேல் ஒரு தகவலை தள்ளி விட முடியாது.

அப்போது ஒரு குழுவில் 256 பேர் வரை இருக்கலாம். 5 குழு என்றால் 1,280 பேர். அதில் 10 பேர் மறுபடி தள்ளினால் 12 ஆயிரத்தை தாண்டும்.

அதனால் கட்டுப்பாடு மட்டும் போதாது. யார் எடுத்தது, எந்த ஊர், எந்த தேதி என்று தெரியாத தகவலா? உங்க கையோடு நிறுத்துங்க. நிஜமாகவே சந்தேகம் இருந்தால் 100-க்கு போன் போடுங்க. சங்கிலி அறுவதற்கு ஒரு கண்ணி போதும்.