பெட்டியில் 6000, ஓடுவது 4800: ரேம் வேகத்தை எவ்வளவு நம்பலாம்?

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் டெக்னிக்கல்தான், ஆனா வீட்டில் டெஸ்க்டாப் வெச்சிருக்கிற எல்லாருக்கும் பயன்படும். முதலில் ஒரு சின்ன வேலை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், மெமரியை அமுக்குங்க. அங்கே ஸ்பீடுன்னு ஒரு வரி இருக்கும். நீங்க வாங்கின டிடிஆர்5 ரேம் பெட்டியில் 6000 போட்டிருந்து, இங்கே 4800 காட்டுதா? பழைய டிடிஆர்4 மெஷினா இருந்தா, 3200 வாங்கியிருப்பீங்க, 2133 இல்லைன்னா 2400 காட்டும். பயப்படாதீங்க. ரேமில் கோளாறு இல்ல, கடைக்காரரும் ஏமாத்தல.

இன்னொரு கூட்டமும் இருக்கு. பயாஸில் ஒரு சுவிட்சைப் போட்டு 6000-க்குக் கொண்டு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் கேம் பாதியில் மூடிக்குது, பிரௌசர் டேப் தானா விழுது, வாரத்துக்கு ஒரு தடவை நீலத் திரை வருது. கிராபிக்ஸ் டிரைவரை மாத்துறாங்க, விண்டோஸைத் திரும்பப் போடுறாங்க, ரேம் பக்கம் மட்டும் யாரும் பார்க்கிறதில்ல.

இந்த ரெண்டு கூட்டத்துக்கும் நான் சொல்லப் போறது ஒண்ணுதான். பெட்டியில் இருக்கிற வேகம் உங்க முழுக் கம்ப்யூட்டருக்கான உத்தரவாதம் இல்ல. அந்த வேகம் உங்க மெஷினில் நிக்குதான்னு நீங்கதான் சோதிச்சுப் பார்க்கணும்.

அந்த எண் யார் கொடுத்த வாக்கு?

ரேமுக்கான பொதுத் தரத்தை ஜெடெக்ங்கிற அமைப்பு வகுக்குது. டிடிஆர்5-ல் பெரும்பாலான கிட்கள் முதலில் 4800 வேகத்தில், 1.1 வோல்ட்டில் எழுந்திருக்கும். எந்த போர்டில் மாட்டினாலும் ஓடணும்னு வெச்ச பாதுகாப்பான ஆரம்பப் புள்ளி அது. ஒவ்வொரு ரேம் குச்சியிலும் ஒரு குட்டி சிப் இருக்கு. அதில் இந்த அடிப்படை வேகத்தோட சேர்த்து, தயாரிப்பாளர் சோதிச்ச வேகமான அமைப்பையும் எழுதி வெச்சிருப்பாங்க. உதாரணமா 6000, சிஎல்30, 1.35 வோல்ட். இன்டெல் இந்த முறையை 2007-ல் எக்ஸ்எம்பின்னு கொண்டு வந்தது. ஏஎம்டி 2022-ல் ரைசன் 7000 வந்தப்போ எக்ஸ்போன்னு தன்னோடதைக் கொண்டு வந்தது. பயாஸில் நீங்க அதை ஆன் பண்ற வரைக்கும் ரேம் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். பெரும்பாலான லேப்டாப்களில் இந்த ஆப்ஷனே இருக்காது.

சரி, தயாரிப்பாளர் சோதிச்சுட்டாரே, அப்புறம் என்ன பிரச்சினை? அவர் சோதிச்சது தன்னோட குச்சியை. ஆனா அந்த வேகத்துக்கு மூணு பேர் ஒத்துக்கணும். ஒண்ணு ரேம். ரெண்டாவது, சிபியுவுக்குள்ளேயே இருக்கிற மெமரி கன்ட்ரோலர். மூணாவது, ரெண்டையும் இணைக்கிற மதர்போர்டு. மாப்பிள்ளை வீட்டில் மட்டும் சரின்னு சொன்னா கல்யாணம் ஆயிடுமா? பொண்ணு வீட்டிலும் சொல்லணும், மண்டபமும் கிடைக்கணும்.

சிபியு தயாரிப்பாளர் என்ன வாக்கு கொடுத்திருக்கார்னு பாருங்க. ரைசன் 7000 டெஸ்க்டாப் வரிசைக்கு ஏஎம்டி சொல்ற அதிகாரப்பூர்வ வேகம், ரெண்டு குச்சி போட்டா 5200. நாலு குச்சி போட்டா 3600. ஆமா, சரியாத்தான் கேட்டீங்க, மூவாயிரத்து அறுநூறு. அதுக்கு மேல போற எல்லாமே ஓவர்கிளாக்கிங்தான். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ரெண்டையும் அந்தந்த நிறுவனமே அப்படித்தான் வகைப்படுத்துது. அதனால் வாரண்டி விதிகளை ஒரு தடவை படிச்சுக்கோங்க.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தல. நல்ல போர்டில், ரெண்டு குச்சியோட, 6000 பெரும்பாலும் ஓடிடும். 'பெரும்பாலும்'ங்கிறதை உங்க மெஷினில் உறுதிப்படுத்திக்கிறதுதான் நம்ம வேலை.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். சிபியு-இசட் மாதிரி ஆப்பில் பார்த்தா 6000 இருக்காது, 3000 மெகாஹெர்ட்ஸ்னு காட்டும். ரெண்டும் ஒண்ணுதான். டிடிஆர் ரேம் ஒரு கிளாக் துடிப்புக்கு ரெண்டு தடவை டேட்டா அனுப்பும். 3000-ஐ ரெண்டால் பெருக்குங்க, 6000 வந்துடும். கடைக்காரரோட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

சுவிட்சைப் போடுறதுக்கு முன்னாடி

மூணு விஷயம். முதலாவது, ஸ்லாட். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் ரெண்டு குச்சி போடுறதா இருந்தா, பெரும்பாலும் சிபியுவில் இருந்து எண்ணும்போது ரெண்டாவதும் நாலாவதும்தான் சரியான இடம். போர்டில் ஏ2, பி2ன்னு எழுதியிருக்கும். மேனுவலில் ஒரு தடவை பார்த்துக்கோங்க. பக்கத்துப் பக்கத்தில் மாட்டினா ரெண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்து, பாதி பேண்ட்வித் போயிடும்.

ரெண்டாவது, பயாஸ் அப்டேட். சிபியுவும் ரேமும் பேசிக்கிற முறை பயாஸில்தான் இருக்கு. டிடிஆர்5 போர்டுகளில் ரேம் நிலைத்தன்மை ஒவ்வொரு அப்டேட்டிலும் நிறையவே மேம்பட்டிருக்கு. கையோட, உங்க ரேமோட மாடல் எண் போர்டு கம்பெனி வெளியிடுற பொருந்தும் ரேம் பட்டியலில் இருக்கான்னும் பாருங்க.

மூணாவது, கிட். 32 ஜிபி வேணும்னா ரெண்டு 16 ஜிபி சேர்ந்து வர்ற ஒரே பெட்டியா வாங்குங்க. ஒண்ணு இப்போ, ஒண்ணு அடுத்த போனஸுக்குன்னு வாங்காதீங்க. ஒரே மாடல் எண்ணிலேயே உள்ளே இருக்கிற சிப் மாறி வரலாம். தயாரிப்பாளர் சோதிச்சது அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற ஜோடியைத்தான்.

இப்போ எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் பண்ணி, சேவ் பண்ணி வெளியே வாங்க. திரை கறுப்பா நிக்கும். டிடிஆர்5-ல் இது சில நிமிஷம் கூட நீளலாம். அந்த நேரத்தில் போர்டு, ஒவ்வொரு சிக்னலும் எந்த நொடியில் வந்து சேருதுன்னு அளந்து தன்னைச் சரி பண்ணிக்குது. மெமரி டிரெய்னிங்னு இதுக்குப் பேரு. பொறுமையா இருங்க, நடுவில் பவரை நிறுத்தாதீங்க. ரொம்ப நேரம் கழிச்சும் எழுந்திருக்கலைன்னா, பவர் கேபிளைக் கழட்டிட்டு, போர்டில் இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கொஞ்ச நேரம் எடுத்து வெச்சுத் திரும்ப மாட்டுங்க. பயாஸ் பழைய நிலைக்கு வந்துடும். எதுவும் கெட்டுப் போகாது.

ஆன் ஆயிடுச்சு, ஆனா சரியா ஓடுதா?

முக்கியமான கட்டம் இதுதான். விண்டோஸ் திறந்துடுச்சு, 6000 காட்டுது, வேலை முடிஞ்சதுன்னு பல பேர் இங்கேயே எழுந்து போயிடுவாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு எடிட்டர், கல்யாண வீடியோ பண்றவர். ரெண்டு கிட் வாங்கி நாலு குச்சியையும் மாட்டி, பெட்டியில் இருந்த வேகத்திலேயே ஓட்டினார். நீலத் திரை ஒரு தடவை கூட வரல. கேமரா கார்டில் இருந்து ஃபைலை ஹார்டு டிஸ்கில் ஏத்தினார், கார்டை அழிச்சார். எடிட்டில் உட்கார்ந்தா ரெண்டு கிளிப் நடுவில் கட்டம் கட்டமா சிதைஞ்சிருக்கு. ரேமைச் சோதிச்சப்போ பிழை வரிசையா வந்தது. அந்த கிளிப் கெட்டதுக்கு ரேம்தான் காரணம்னு கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. ஆனா வேகத்தைக் குறைச்சதுக்கு அப்புறம் சோதனையில் பிழை வரல, ஃபைலும் அப்படிக் கெடல. தாலி கட்டுற காட்சியை யாராலும் திரும்ப எடுக்க முடியாதில்லையா?

நீங்க காப்பி பண்ற ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாத்தான் போகுது. அங்கே ஒரு பிட் மாறினா, மாறினபடியே டிஸ்கில் எழுதப்படும். கம்ப்யூட்டர் உங்ககிட்ட எதுவும் சொல்லாது. கிராஷ் ஆனா நல்லதுன்னு கூட சொல்லுவேன், பிரச்சினை இருக்குன்னாவது தெரியும். டிடிஆர்5-ல் பிழை திருத்தும் வசதி உள்ளேயே இருக்கேன்னு சிலர் கேட்பீங்க. இருக்கு. ஆனா அது சிப்புக்குள்ள சேமிச்ச டேட்டாவுக்கு மட்டும். சிப்பில் இருந்து சிபியுவுக்குப் போற வழியில் நடக்கிற பிழையை அது பார்க்காது. வேகத்தைக் கூட்டும்போது பெரும்பாலும் தடுமாறுறது அந்த வழிதான்.

அதனால் சோதனை. மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவில் போட்டு, அதில் இருந்தே பூட் பண்ணுங்க. இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும். சில மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுட்டுத் தூங்கலாம். அதில் தேறின பிறகு விண்டோஸில் டெஸ்ட்மெம்5 அல்லது ஒய்-க்ரஞ்சர் ஓட்டுங்க. இவை ரேமையும் மெமரி கன்ட்ரோலரையும் இன்னும் கடுமையா வேலை வாங்கும். பரீட்சையில் 35 வாங்கினா பாஸ். இங்கே பாஸ் மார்க் பிழை 0. ஒரே ஒரு பிழைன்னாலும் அந்த அமைப்பு தேறல.

நேரத்தையும் பார்த்துச் சோதிங்க. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்னூட்டம். அது கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால் டிடிஆர்5 சாதாரண வெப்பத்தில் 32 மில்லி நொடிக்கு ஒரு தடவை எல்லாத்தையும் திரும்ப நிரப்புது. சூடு ஏற ஏற கசிவும் வேகமாகும். ஏசி போட்ட ராத்திரியில் தேறின ரேம், மே மாசச் சென்னை மத்தியானத்தில், பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டு அனலா ஊதும்போது தோற்கலாம். டிடிஆர்5 குச்சியிலேயே வெப்ப சென்சார் உண்டு, எச்டபிள்யூஇன்ஃபோ ஆப்பில் பார்க்கலாம். ஒரு தடவையாவது வெயில் நேரத்தில், கேம் ஓடி ரூம் சூடான பிறகு சோதிச்சுப் பாருங்க.

பிழை வந்தா என்ன செய்யறது?

முதலில் ஒரு குச்சியை மட்டும் மாட்டி அடிப்படை வேகத்தில் சோதிங்க. அப்புறம் இன்னொண்ணு. 4800-லேயே பிழை வந்தா பெரும்பாலும் அந்தக் குச்சி பழுது. வாரண்டியில் மாத்திக்கோங்க, யோசிக்கவே வேண்டாம்.

4800-ல் ரெண்டும் தேறி 6000-ல் மட்டும் பிழைன்னா, எக்ஸ்போவை ஆன்லேயே வெச்சுட்டு வேகத்தை மட்டும் 5800, இல்லைன்னா 5600 ஆக்குங்க. மத்த எண்களைத் தொடாதீங்க. இதில் என்ன இழக்கிறோம்னு கணக்குப் போடலாம். ரெண்டு சேனலில் 6000-க்கு உச்ச பேண்ட்வித் நொடிக்கு 96 ஜிபி. 5600-க்கு 89.6 ஜிபி. 4800-க்கு 76.8 ஜிபி. சிஎல்30-ல் தாமதம் 6000-க்கு 10 நானோ நொடி, 5600-க்கு 10.7. பேப்பரில்தான் இந்த வித்தியாசம் தெரியும். கேமில் உட்கார்ந்தா கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

வோல்டேஜைக் கூட்டினா சரியாயிடும்னு யூடியூபில் யாராவது சொல்லுவாங்க. கொஞ்சம் நிதானம். ரைசனில் மெமரி கன்ட்ரோலருக்குப் போற எஸ்ஓசி வோல்டேஜ்னு ஒண்ணு இருக்கு. 2023-ல் சில ரைசன் 7000 சிபியுக்கள் கருகிப் போனதும், பயாஸ் அப்டேட் மூலமா அதை 1.3 வோல்ட்டுக்கு மேல போகாம ஏஎம்டி கட்டுப்படுத்தினது. சிபியுவோட விலையையும் ரேம் வேகத்தில் கிடைக்கிற அந்தச் சின்ன லாபத்தையும் ஒரே தராசில் வெச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. நாலு குச்சி போட்டவங்க இன்னும் கீழே இறங்க வேண்டியிருக்கும். அதிக ஜிபி வேணும்னா ரெண்டு பெரிய குச்சியா வாங்குறதுதான் நிம்மதி.

கடைசியா, தேறின அமைப்பை போனில் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. வேகம், டைமிங், வோல்டேஜ் எல்லாம் தெரியற மாதிரி. அடுத்த பயாஸ் அப்டேட் இதையெல்லாம் அழிச்சுட்டு 4800-க்குக் கொண்டு போய் விட்டுடும். அப்போ திரும்ப ஏத்தி, ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டுங்க. அது வரைக்கும் கேமரா கார்டு எதையும் அழிக்காதீங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.