எழுத்தால் அமைந்த விளையாட்டுக்கள்: இன்போகொம் ஆக்கங்களும் அவற்றின் பாதுகாப்பும்

கணினி விளையாட்டு என்றதும் ஒளியும் ஒலியும் நிறைந்த திரையே இன்று எவர்க்கும் நினைவில் எழும். ஆயின், படம் ஒன்றேனும் இன்றி எழுத்தினால் மாத்திரம் ஆக்கப்பட்ட விளையாட்டுக்களும் ஒரு காலத்திற் பெருவழக்குற்றிருந்தன. திரையில் ஓரிடத்தின் வருணனை தோன்றும். விளையாடுவோர் தாம் செய்யக் கருதியதை ஏவல் வாக்கியமாகத் தட்டெழுதுவர். அச்செயலின் விளைவைக் கணினி மீண்டும் உரைநடையில் எடுத்துரைக்கும். இத்துறையில் தலைசிறந்து விளங்கியது ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1979ஆம் ஆண்டு தோன்றிய இன்போகொம் என்னும் நிறுவனமாகும். 1989இல் அது மூடப்பட்டது. அதன் விளையாட்டுக்கள் எந்தப் பொறிகளுக்காக விற்கப்பட்டனவோ அப்பொறிகள் வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று. விளையாட்டுக்களோ இன்றும் இயங்குகின்றன. இந்நிலை எவ்வாறு வந்தெய்தியது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

குகைகளை ஆராய்வதில் ஈடுபாடு கொண்டிருந்த வில் குறோதர் என்னும் அமெரிக்கர், கென்றக்கி மாநிலத்துப் பெருங்குகை ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 1970களின் நடுப்பகுதியில் ஒரு செய்நிரலை எழுதினார். அதனை டொன் வூட்ஸ் என்பார் 1977இல் விரித்தமைத்தார். 'அட்வென்ச்சர்' எனப் பெயர்பெற்ற அவ்விளையாட்டு, வினையொன்றும் பெயரொன்றுமாக இரு சொற்களையே ஏற்கவல்லது. அதனை ஆடித் தீர்த்த மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கல்லூரியினர் நால்வர், மார்க் பிளாங், டேவ் லெப்லிங், ரிம் அன்டர்சன், புரூஸ் டானியல்ஸ் என்போர், அதனினும் மேம்பட்டதொன்றைச் செய்ய எண்ணி அவ்வாண்டிலேயே தொடங்கியதுதான் 'சோர்க்'. இச்சொல்லுக்குப் பொருளில்லை. முற்றுப்பெறாத செய்நிரலுக்கு அக்கல்லூரியில் வழங்கிய விளையாட்டுப் பெயர் அது; அதுவே நிலைத்துவிட்டது.

சோர்க்கின் சிறப்பு அதன் மொழியறிவில் உள்ளது. "கள்வனை வாளால் தாக்கு", "விளக்கு நீங்கலாக யாவற்றையும் எடு" என்றாற்போன்ற ஆங்கில வாக்கியங்களை அது பகுத்துணரும். தமிழில் எழுவாய், செயப்படுபொருள், கருவி என்பன வேற்றுமையுருபால் விளங்கும். சொற்கள் இடம்மாறினும் பொருள் மாறாது. ஆங்கிலத்திலோ சொற்கிடக்கையும் முன்னிடைச் சொற்களுமே அவ்வேலையைச் செய்கின்றன. எனவே, சொல்வரிசையை நோக்கி வினையையும் பொருளையும் கருவியையும் பிரித்தறியும் ஒரு சிறு இலக்கணத்தையே இந்நால்வரும் கணினிக்குக் கற்பித்தனர் எனலாம். இரு வாள்கள் கிடக்கும் இடத்தில் "வாளை எடு" என ஏவினால், எந்த வாள் என அது வினவும். வினவப்பட்டவர் ஒரு சொல்லால் விடை கூறினும் முந்திய வாக்கியத்தோடு இயைத்துப் பொருள்கொள்ளும். ஆயினும் அதன் அறிவு ஆழமானதன்று. தொடக்ககால ஆக்கங்களில் ஒவ்வொரு சொல்லின் முதல் ஆறு எழுத்துக்களையே கணினி ஒப்புநோக்கியது. ஏழாம் எழுத்துக்குமேல் எவ்வளவு பிழைபட எழுதினும் அது பொருட்படுத்துவதில்லை. தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர் எவரும் இத்துணைப் பெருந்தன்மை காட்டார்.

சோர்க் பிறந்தது பி.டி.பி.-10 என்னும் பெருங்கணினியில். அதனை இல்லந்தோறும் புகத்தொடங்கியிருந்த சிறுகணினிகளுக்கு மாற்றுவது எவ்வாறு? அவற்றின் நினைவகம் மிகச் சிறிது. அன்றியும் அப்பிள், அற்றாரி, கொமடோர் என ஒவ்வொன்றும் தன்தன் வழியில் இயங்குவது. ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே விளையாட்டை எழுதின் வாழ்நாள் போதாது. ஜோயல் பெரெஸ் என்பாரும் மார்க் பிளாங்கும் 1979இல் இதற்குக் கண்ட தீர்வே இக்கட்டுரைப் பொருளின் உயிர்நிலையாகும். உலகில் எங்கும் இல்லாத ஒரு கணினியை அவர்கள் மனத்திலே வகுத்தனர். 'இசட் பொறி' எனப்பட்ட அதற்கு உலோகவுடல் இல்லை. விதிகள் மாத்திரமே உண்டு. விளையாட்டுக்கள் யாவும் இக்கற்பனைப் பொறிக்கென எழுதப்பட்டன. பின், ஒவ்வோர் உண்மைக் கணினிக்கும் அப்பொறியைப்போல் நடிக்கும் மொழிபெயர்ப்புச் செய்நிரல் ஒன்று மாத்திரம் எழுதப்பட்டது. புதுக் கணினி ஒன்று சந்தைக்கு வருமாயின், ஒரு செய்நிரலை எழுதியதும் விளையாட்டுக்கள் அனைத்தும் அதில் ஓடும்.

இடச்சிக்கனத்திலும் அவர்கள் நுண்மதி காட்டினர். ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்து 26. ஐந்து பிற்றுக்களால் 32 குறிகளைக் காட்டலாமாதலின், ஓரெழுத்துக்கு வழக்கமான எட்டுப் பிற்று வேண்டியதில்லை. இரண்டு பைற்றில் மூன்று எழுத்துக்கள் அடங்கும். எஞ்சிய ஒரு பிற்று வாக்கியம் முடிந்ததைச் சுட்டும். அடிக்கடி வரும் சொற்றொடர்கட்குச் சுருக்கக் குறிகளும் இருந்தன. இவ்வளவு செய்தும் சோர்க் முழுவதும் அடங்காமையால் அது மூன்று பாகங்களாக 1980 முதல் 1982 வரை வெளிவந்தது.

சோர்க்கில் இருளில் விளக்கின்றி நடப்பாரை 'குரூ' என்னும் விலங்கு தின்றுவிடும். தொடக்கத்தில் அங்கு விலங்கில்லை. இருளில் நடப்பார் பாதாளக் குழியில் வீழ்ந்தனர். வீட்டு மேன்மாடத்தும் ஒருவர் பாதாளத்தில் வீழ்ந்தது பொருந்தாது எனக் கண்ட பின்னரே, குழிகள் தூர்க்கப்பட்டுக் குரூ படைக்கப்பட்டது. பொருத்தம் நோக்கும் இம்மனப்பாங்கே பின்வந்த ஆக்கங்களை இலக்கியத்தின் அயலிற் கொண்டுசென்றது. 1984இல் டக்ளஸ் அடம்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் தம் நகைச்சுவைக் கதையொன்றை ஸ்ரீவ் மெரெற்ஸ்கியுடன் கூடி விளையாட்டாக்கினார். கணினியே விளையாடுவோரிடம் பொய்யுரைப்பது அதிலுள்ள புதுமை. 1986இல் பிரையன் மொரியாற்றி இயற்றிய 'திரினிற்றி', 1945 யூலை 16இல் நியூ மெக்சிக்கோப் பாலையில் நிகழ்ந்த முதல் அணுக்குண்டுச் சோதனையில் சென்று முடிவது. பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒரு வடிவம் அத்துணைப் பெரும் பொருளைத் தாங்கவல்லது என்பதற்கு அதனினும் தக்க சான்று இத்துறையில் இல்லை.

நிறுவனத்தின் வீழ்ச்சி விளையாட்டால் விளைந்ததன்று. வணிக உலகிற் புக விரும்பி 1985இல் 'கோணர்ஸ்ரோன்' என்னும் தரவுத்தளச் செய்நிரலை அது வெளியிட்டது. அதுவும் கற்பனைப் பொறி ஒன்றன்மேல் இயங்குவதாகவே அமைக்கப்பட்டது. ஆயின், அதற்குள் வணிகர் பெரும்பாலோர் ஐ.பி.எம். வகைக் கணினியையே கைக்கொண்டுவிட்டனர். எக்கணினியிலும் ஓடும் என்ற சிறப்பு எவர்க்கும் வேண்டப்படவில்லை. இடைநின்ற மொழிபெயர்ப்பால் நேர்ந்த வேகக்குறைவே எஞ்சியது. விற்பனை வீழ்ந்தது, 1986இல் நிறுவனம் அக்ரிவிசன் என்னும் பிறிதொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. வணிகத்திற் கெடுத்த அதே உத்திதான் விளையாட்டுக்களைப் பிற்காலத்துக்குக் காத்துக் கொடுத்தது என்பது நோக்கத்தக்கது. உண்மைக் கணினிக்கு எழுதப்பட்டவை அக்கணினியோடு மாயும். இல்லாத கணினிக்கு எழுதப்பட்டவைக்கு அவ்வாறு மாய்வதற்கு உடலில்லை.

எனினும் விதிகளை அறிந்தாலன்றி அப்பொறியை மீள எழுப்புதல் இயலாது. நிறுவனமோ அவற்றை வெளியிட்டதில்லை. 1987ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலிய ஆர்வலர் குழுவொன்று, விளையாட்டுக் கோப்புகளைப் பைற்றுப் பைற்றாக ஆராய்ந்து விதிகளை உய்த்துணர்ந்து, புதியதொரு மொழிபெயர்ப்புச் செய்நிரலை எழுதத் தொடங்கிற்று. 1993இல் ஆங்கிலேயக் கணிதவறிஞர் கிரகம் நெல்சன் அதே பொறிக்குப் புதுவிளையாட்டுக்களை இயற்றும் 'இன்போம்' என்னும் கருவியை ஆக்கி, அதனாற் 'கேர்சஸ்' என்னும் பெருவிளையாட்டையும் படைத்தார். பொறியின் விதிகள் யாவும் தொகுக்கப்பட்டு 1997இல் ஒரு நியம நூலாயின. ஊதியம் பெறாத அன்பர் பலர் செய்த இவ்வுழைப்பே, பின்வந்த எந்தக் கணினிக்கும் எவரும் அப்பொறியை எழுதிக்கொள்ள வழிவகுத்தது.

அவ்வன்பரின் பணியில் ஏட்டுச்சுவடிப் பதிப்பாளர்க்குப் பழக்கமான சிக்கல் ஒன்றும் உண்டு. ஒரே விளையாட்டு பிழைதிருத்தப்பட்டுப் பன்முறை வெளிவந்தமையால் பாடபேதங்கள் பல. ஒவ்வொரு கோப்பினுள்ளும் வெளியீட்டெண்ணும் திகதி குறிக்கும் தொடரெண்ணும் பொதிந்திருத்தலின், இன்ன பிரதி 1984 யூலை 26இல் ஆக்கப்பட்ட 88ஆம் வெளியீட்டுச் சோர்க் என ஐயமறத் துணியலாம். சுவடிகளில் இவ்வசதி வாய்க்காதது பதிப்பாளரின் தவக்குறையே.

கோப்புகளைக் காட்டிலும் அரிதாய்க் காக்கப்படுவன பெட்டியிலிருந்த பொருள்கள். 1982இல் வெளிவந்த 'டெட்லைன்' என்னும் கொலைவழக்கு விளையாட்டில், தட்டிற் கொள்ளாத சாட்சியர் வாக்குமூலங்களும் ஆய்வுகூட அறிக்கையும் அச்சிடப்பட்டு, மாத்திரைகளுடன் பெட்டியில் வைக்கப்பட்டன. பின்னர் இவை வழக்கமாயின. சிலவற்றில், தாளிலுள்ள செய்தியின்றி விளையாட்டை முடிக்கவே இயலாது. ஆதலின், வழக்குத் தாளை இழந்த கோப்பு முற்றிய கோப்பாகாது. தனிப்பேனாவினால் தீட்டினால் மாத்திரமே எழுத்துத் தோன்றும் விடைக்குறிப்பு நூல்களும் அவ்வாறே. இவற்றையெல்லாம் படியெடுத்துப் பேணியோருள் வாங்கியோரும் சேகரித்தோரும் அடங்குவர்.

உரிமைச் சிக்கல் நெடுங்காலம் இருந்தது. 2019இல் இன்போகொம் விளையாட்டுக்களின் மூலநிரல்களை ஜேசன் ஸ்கொட் என்னும் ஆவணக் காப்பாளர் பொதுவிற் பரப்பினார். அதற்குரிய அனுமதி அப்போது எவராலும் வழங்கப்பட்டிருக்கவில்லை. 2023இல் அக்ரிவிசனை வாங்கிய மைக்ரோசொவ்ற் நிறுவனம், 2025 நவம்பரில் சோர்க் மூன்று பாகங்களின் மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பயன்படுத்தவும் உரிமம் அளித்தது. பெட்டி, விளம்பரம், வணிகப்பெயர் என்பன அவ்வுரிமத்துள் அடங்கா; டெட்லைனும் திரினிற்றியும் அதில் இடம்பெறவில்லை. அம்மூலநிரலைத் தொகுத்து இயங்கவைப்பதற்கும் அன்பர்கள் புதிதாய் எழுதிய தொகுப்பியே பயன்படுகின்றது.