வாலை ஊன்றி நிற்குதா? அது பழைய டைனோசர்!
பொம்மை வாங்கும் முன் ஒரு நிமிஷம்!!

"அப்பா... இது டைனோசரே இல்லியாம்பா!"

பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமி, பையைக்கூடக் கழற்றாமல் அழுதாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அட்டையில் காடு செய்து, மண் கொட்டி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை நிறுத்தியிருந்தாள். முதுகில் பாய்மரம் போல விரிந்த பொம்மை. கீழே 'டைனோசர்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள்.

பார்க்க வந்த ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார். "பாப்பா, இது டிமெட்ரோடான். டைனோசர் இல்லையே!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து மேஜைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான்!

சிறுமியின் தந்தை ஒரு கம்பெனியில் கிளார்க். நம் தெருக்காரர். "பாக்கெட் மேலேயே டைனோசர்னு போட்டிருக்கே சார்! காசு குடுத்து வாங்குனவன் நான். புள்ளை எதுக்கு அவமானப்படணும்?" என்று குமுறினார்.

நியாயமான கேள்வி! மறுநாள் மாலை அவரும் மகளும் பாரிமுனைக்குப் புறப்பட, நாமும் கூடவே போனோம்.

கால் காட்டிக் கொடுக்கும்!

பிளாட்பாரக் கடை. ஒரு பாக்கெட்டில் 12 பொம்மை. பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கிறது. இதில் எது அசல், எது டூப்?

முதலில் காலைப் பாருங்கள்.

டைனோசரின் கால்கள் உடம்புக்கு நேர் கீழே தூண் மாதிரி இறங்கும். யானைக்கும் மாட்டுக்கும் இருப்பது போல. பல்லி, முதலை மாதிரி பக்கவாட்டில் பரப்பிக்கொண்டு நின்றால் சந்தேகப்படுங்கள்.

அந்த டிமெட்ரோடான் இப்படித்தான் பரப்பி நிற்கும். டைனோசர் பிறப்பதற்குச் சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது பூண்டோடு அழிந்துவிட்டது. இன்னொரு வேடிக்கை! உறவுமுறை பார்த்தால், அது டைனோசரைவிட நமக்குத்தான் நெருக்கம். ஆடு, மாடு, மனிதன் என்று பாலூட்டிகள் கிளைத்த பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது!

பாக்கெட்டில் தோல் இறக்கையோடு பறக்கிற ஆசாமி இருக்கிறாரா? அவரும் டைனோசர் அல்ல. துடுப்புக் காலும் நீண்ட கழுத்துமாகக் கடலில் நீந்துகிறவரும் அல்ல. இரண்டு பேரும் டைனோசர் காலத்தில் வாழ்ந்த வேறு இனங்கள்.

மூன்று கால் நாற்காலி!

அடுத்தது, எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் டைரனோசாரஸ் ரெக்ஸ்.

நம் கடையில் இருந்தவர் கங்காரு மாதிரி நிமிர்ந்து, வாலைத் தரையில் ஊன்றி நிற்கிறார். இது தப்பு! உண்மையில் அதன் உடம்பு தரைக்குப் படுக்கைவசமாக இருந்தது. முன்னால் கனமான தலை, பின்னால் கனமான வால். நடுவில் இரண்டு கால். தராசு மாதிரி! டைனோசர் நடந்துபோன பாதைகள் பாறையில் பதிந்து கிடக்கின்றன. கால் தடம் இருக்கிறது. வால் இழுபட்ட கோடு மிக அபூர்வம்.

அப்படியானால் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? இரண்டு காரணம். ஒன்று, பொம்மை விழாமல் நிற்க வேண்டும். இரண்டு காலும் வாலும் சேர்ந்தால் முக்காலி. தலைகனத்த பிளாஸ்டிக்கைக் காலில் மட்டும் நிறுத்துவது சுலபமில்லை.

இன்னொன்று, பெரிய பெரிய மியூசியங்களே அப்படித்தான் நிறுத்தியிருந்தன! நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1915-ல் ரெக்ஸ் எலும்புக்கூட்டை நிமிர்த்தி நிறுத்தியது. அதைப் பிரித்துப் படுக்கைவசமாக மாற்றியது 1990-களில்தான். பழைய அச்சில் வார்த்த பொம்மைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

விரலை எண்ணுங்க!

ரெக்ஸுக்குக் கையில் இரண்டு விரல்தான். மூன்று இருந்தால் அது அல்லோசாரஸாக இருக்கலாம். அல்லது செய்தவர் எண்ண மறந்திருக்கலாம்!

உள்ளங்கை எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். பியானோ வாசிப்பது போலக் கீழ்நோக்கித் தொங்கினால் தப்பு. கை தட்டுவது போல ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். அந்த மணிக்கட்டு அப்படித் திரும்பாது.

முதுகில் தகடு வைத்த ஸ்டெகோசாரஸ் வந்தால், தகடுகள் இரண்டு வரிசையில் மாறி மாறி வருகிறதா, வால் நுனியில் நான்கு முள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் பாஸ்!

சினிமா செய்த வேலை!

வெலாசிராப்டர்! 1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' படம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆளுயரம், செதில் தோல், பயங்கரப் பார்வை.

அசல் ஆள் வான்கோழி உயரம்தான்! உடம்பில் இறகும் உண்டு. மங்கோலியாவில் கிடைத்த முன்கை எலும்பில், இறகு பொருந்தியிருந்த முண்டுகளை ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் கண்டு சொன்னார்கள். எனவே இறகில்லாத வெலாசிராப்டர் என்றால், உரித்த கோழி மாதிரி!

நிறம்? இதில் பொம்மைக்காரரைத் திட்ட முடியாது. பெரும்பாலான டைனோசர்களின் நிறம் யாருக்கும் தெரியாது. ஆனால் சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்ததை, இறகில் தங்கிய நிறத் துகள்களை வைத்து 2010-ல் கண்டுபிடித்தார்கள்.

காலத்தையும் பாருங்கள். ஸ்டெகோசாரஸும் ரெக்ஸும் சண்டை போடுவது போல அட்டைப் படம் போடுகிறார்கள். ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன். ரெக்ஸ் வாழ்ந்தது சுமார் 6 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைவிட, ரெக்ஸுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி குறைவு!

பெரியவங்களும் தப்பினாங்க!

இதையெல்லாம் கேட்ட சிறுமி கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். "படிச்சவங்க யாரும் தப்பே பண்ணலியா?"

ஏன் இல்லை? லண்டனில் 1854-ல் இக்குவானடானுக்குச் சிலை வைத்தார்கள். கையிலிருந்த ஒரு முள்ளை மூக்கில் கொம்பாக ஒட்டிவிட்டார்கள்! 1878-ல் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகளே கிடைத்தன. அப்போதுதான் அது கட்டை விரல் என்று தெளிவானது. கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் அந்தச் சிலைகள் மூக்குக் கொம்போடு இன்றும் நிற்கின்றன.

பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மியூசியத்தில் அபடோசாரஸ் உடம்புக்கு வேறு வகைத் தலை மாட்டியிருந்தார்கள். சரியான தலையை மாட்டியது 1979-ல்!

ஸ்பைனோசாரஸ் கதை இன்னும் சோகம். எகிப்தில் கிடைத்து 1915-ல் பெயரிடப்பட்ட அந்த எலும்புகள், 1944-ல் மியூனிக் நகரில் குண்டுவீச்சில் அழிந்தன. பிறகு மொராக்கோவில் கிடைத்த எலும்புகளை வைத்து, பின்னங்கால் குட்டை என்று 2014-ல் சொன்னார்கள். வால் துடுப்பு மாதிரி என்று 2020-ல் சொன்னார்கள். அதற்கு முன் செய்த பொம்மை, செய்த அன்றைக்குச் சரி. இன்றைக்குத் தப்பு!

நம்ம ஊர்க் கதையும் உண்டு. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1987-ல் 'ப்ருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். பேருடல் கொண்டது என்று பொருள். முதலில் மாமிசம் தின்னும் இனம் என்றார்கள். பிறகு, தழை தின்னும் நீள்கழுத்து இனம் என்று கருத்து மாறியது. அந்த எலும்புகள் இன்று இல்லை. உதிர்ந்துபோயின. அதற்குப் பொம்மை செய்தால் அது ஊகம்தான்.

"என்ன பேர் சொல்லி விக்கிறது?"

கடைக்காரர் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினார்.

"சார், எனக்கு இதெல்லாம் தெரியாது. மொத்தக் கடையில எடை போட்டுக் குடுக்கிறான், நான் விக்கிறேன். பாப்பா, நீயே சொல்லு. இதுல எத்தினி சரி?"

சிறுமி உட்கார்ந்துவிட்டாள். காலைப் பார்த்தாள். விரலை எண்ணினாள். 12-ல் நான்கைத் தள்ளி வைத்தாள். முதுகில் பாய்மரம் வைத்தது அதில் முதலாவது.

"அப்போ இத்த இன்னான்னு சொல்லி விக்கிறது?" என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"டிமெட்ரோடான்னு சொல்லுங்க அங்கிள். டைனோசருக்கு முன்னாடி இருந்தது, நமக்குச் சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க!"

கடைக்காரர் சிரித்தபடி அந்தப் பொம்மையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவள் முதலில் செய்த காரியம், கண்காட்சி அட்டையில் இருந்த 'டைனோசர்' என்ற எழுத்தின் மேல் காகிதம் ஒட்டி, சரியான பெயரை எழுதியதுதான். சிரித்த பிள்ளைகளுக்குக் காட்ட, மறுநாள் அட்டையைப் பள்ளிக்கே எடுத்துக்கொண்டு போனாளாம்!